பத்தொன்பதாவது உத்தரவு

உசிலம்பட்டி, தேனி ரோடு,
கூட்டுறவு வங்கியின் மாடி. இரவு பதினொன்றே கால்.
போன மாதம் யாரோ நகைக்கடன் வட்டியைக்
கால் சதவீதம் கூட்டிப் போட்டுவிட்டார்கள்
நாற்பத்திரண்டு பேருக்கு.
ஒவ்வொருவருக்கும் வேறு தேதி, வேறு பவுன், வேறு கழிவு.
ஸ்கிரிப்ட் எழுதத் தோதில்லை.
கையால்தான், ஒவ்வொன்றாக,
உயிரோடிருக்கும் டேட்டாபேஸில்.

தொடங்கு என்றேன்.
கர்சர் கண்சிமிட்டியது.

கருமாத்தூர் விருமாயி. சரி.
செக்கானூரணி ஒச்சம்மாள், ஆறரைப் பவுன். சரி.
எழுமலை தவசியாண்டி. சரி.
கீழே லாரிகள். மேலே யுபிஎஸ் நிமிடத்துக்கொரு தரம் விக்கியது.

பத்தொன்பதாவதில்,
கூடின வட்டியைக் குறைக்க வந்தவள்
வட்டி என்கிற சொல்லிலேயே
ஓர் எழுத்தைக் கூட்டிவிட்டேன்.

அப்படியொரு பத்தி இல்லை என்றது. நியாயம்.
திருத்தி அடித்தேன்.
பரிவர்த்தனை முறிந்தது,
முடிக்கும்வரை எந்த உத்தரவும் ஏற்கப்படாது.
மறுபடி அடித்தேன். அதே பதில்.
மணி என்ன என்று கேட்டேன்.
அதற்கும் அதே பதில்.
கோபத்தில் கமிட் என்றேன்.
ரோல்பேக் என்றது, அமைதியாக.

பதினெட்டு பேரும் பழைய வட்டிக்கே போனார்கள்.

குடம் பாலுக்குத் துளி விஷம் என்பார்கள்.
இது விஷமா? ஓர் எழுத்து.

ஜாபருக்குப் போன் போட்டேன்.
ஆரப்பாளையத்தில் பஸ்ஸுக்கு நின்றான்.
"ஒரு டிக்கெட்டைத் தப்பாக் கிழிச்சா
வண்டியவே டிப்போவுக்குத் திருப்புவானாடா கண்டக்டர்?"
"மாட்டான். அவன் முழிச்சிருக்கான்ல.
டிரைவரே இல்லாம ஓடுற வண்டின்னா
முதல் இடியிலயே நிக்கணும்."
பிறகு சொன்னான்:
"ஒரு செட்டிங் இருக்கு.
ஆள் உக்காந்து அடிக்கும்போது மட்டும்
ஒவ்வொரு உத்தரவுக்கும் முன்னால
சத்தமில்லாம ஒரு சேவ்பாயிண்ட் வச்சுக்கும்.
தப்பினா அந்த ஒண்ணு மட்டும் போகும்.
ஸ்கிரிப்டுக்கு மட்டும் போட்றாத,
அதுக்குக் கண்ணு கிடையாது."
பஸ் வந்துவிட்டது போல. வைத்துவிட்டான்.

எனக்குக் கண் உண்டு.
அந்தக் கர்வத்தோடு
பழைய உத்தரவுகளை நகலெடுக்கத்
திரையை மேலே தள்ளினேன்.

விருமாயி. மாறியவை: 1.
ஒச்சம்மாள்.
மாறியவை: 11,804.

கணக்கு எண்ணைப் போடவே இல்லை நான்.
எந்த ஒச்சம்மாள் என்று சொல்லாததால்
எல்லோரையும் ஒச்சம்மாள் ஆக்கியிருக்கிறது,
வங்கியின் எல்லாக் கிளையிலும்.
எர்ரர் இல்லை. மறுப்பு இல்லை.
சரி என்றது. நானும் சரி என்றேன்.
அதற்குப் பிறகு பதினாறு பேரை
நிதானமாகத் திருத்தியிருக்கிறேன்.

அந்த ஓர் எழுத்து மன்னிக்கப்பட்டிருந்தால்
பன்னிரண்டரைக்குள் நாற்பத்திரண்டும் முடிந்து
கமிட் போட்டுவிட்டுப்
பரோட்டா தேடிப் போயிருப்பேன்.

கொஞ்ச நேரம் எதையும் தொடவில்லை.
பிளாஸ்க்கில் டீ ஆறியிருந்தது. குடித்தேன்.

பிறகு அந்த செட்டிங்கைப் போட்டேன்.
ஆம், போட்டேன்.
பிழையைச் சொன்ன வரியை மன்னிக்கலாம்,
என் எதிரே நின்று சொல்கிறது.
பிழையைச் சொல்லாத வரிக்குத்தான்
வேறு வழி வேண்டும்.
அதனால் ஒவ்வோர் ஆளுக்கும் பிறகு
எண்ணை வாய்விட்டுப் படித்தேன்: ஒன்று.
படித்த பிறகே என் கையால் ஒரு சேவ்பாயிண்ட்,
அவரவர் பெயரில்.
விருமாயி. ஒச்சம்மாள். தவசியாண்டி.
முப்பத்தோராவதில் மறுபடி ஓர் எழுத்து பிசகியது.
முப்பது பேரும் அசையாமல் நின்றார்கள்.

இரண்டு இருபதுக்குக் கமிட் என்றேன்.
கமிட் என்றது.

ஒச்சம்மாளுக்குத் தெரியாது.
முன்னிரவில் அரைமணி நேரம்,
என் திரைக்குள் மட்டும்,
வெளியே ஒருவர் கண்ணுக்கும் படாமல்,
பதினோராயிரத்துச் சொச்சம் பேர்
அவளுடைய வட்டியைச் சுமந்தார்கள்.

ஷட்டரை இறக்கிய வாட்ச்மேன் சேதுபாண்டி
"முடிஞ்சுதாம்மா?" என்றார்.
"முடிஞ்சதுண்ணே," என்றேன்,
"ரெண்டு தடவை."